நாரைக்குப் போட்ட மெட்டி

அந்த ஓரத்தில் உட்காராதீர்கள் தம்பி, மேலே கூடு இருக்கிறது. சட்டை வீணாகிவிடும். இப்படி என் பக்கத்தில் வாருங்கள். பஸ் ஐந்து பத்துக்கு. ஐந்து பத்து என்றால் எங்கள் ஊரில் ஐந்தரை. அதுவரைக்கும் நீங்கள் என் ஆள்.

குளத்தைப் பார்த்தாயிற்றா? பறவை பார்க்கிற கோபுரத்தில் ஏறினீர்களா? கேமரா பெரிசாக இருக்கிறதே, நாரை நன்றாக விழுந்ததா? சந்தோஷம். கேட்டில் டிக்கெட் கொடுக்கிற ஜன்னலுக்குக் கீழே ஒரு தாள் ஒட்டியிருக்கிறது, படித்தீர்களா? யாரும் படிக்க மாட்டார்கள். எனக்கு மனப்பாடம், நான் சொல்கிறேன். "செவ்வல்நேரியைச் சேர்ந்த பலவேசம் என்பவர் இந்தப் பருவம் முடியும்வரை பறவைகள் சரணாலயத்துக்குள் அனுமதிக்கப்படமாட்டார்." கீழே முத்திரை. அந்தப் பலவேசம் நான்தான். முத்திரை குத்தித் தடுக்கிற அளவுக்கு இந்த ஊரில் வேறு எவன் இருக்கிறான், சொல்லுங்கள்?

வயசு தொண்ணூற்றிரண்டு. ரேஷன் கார்டில் எழுபத்து மூன்று என்று இருக்கும். அதை எழுதினவன் நான் பிறந்ததைப் பார்த்தானா?

முப்பது வருஷம் இந்தக் குளத்தில் என் வேலை என்ன தெரியுமா? மரத்திலிருந்து விழுகிற குஞ்சுகளைப் பொறுக்கி, கொட்டகையில் விட்டு, மீன் போட்டு வளர்த்து, இறக்கை முற்றினதும் பறக்க விடுவது. என் கையால் மீன் தின்னாத நாரை இந்தக் குளத்தில் கிடையாது. ஒரு கூழைக்கடா என் தூக்குச்சட்டியைத் தொண்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு போய், மறு வருஷம் கொண்டுவந்து கரையில் வைத்தது. கழுவி வைத்திருந்தது தம்பி. சிரிக்கிறீர்கள். சரி, கழுவவில்லை. ஆனால் கொண்டுவந்தது.

எங்கள் ஊரில் ஒரு நம்பிக்கை உண்டு. இந்த நாரைகள் எல்லாம் இந்த ஊரில் பிறந்த பெண்பிள்ளைகள். பிரசவத்துக்குத் தாய்வீட்டுக்கு வருகின்றன. அதனால் கல் எறிய மாட்டோம், கிளையை வெட்ட மாட்டோம். வாசல் வேப்பமரத்தில் கூடு வைத்தால் அந்த எச்ச நாற்றத்தோடேயே நாலு மாசம் சோறு தின்போம். பிள்ளைத்தாய்ச்சியைப் பார்த்து வெளியே போ என்று சொல்ல முடியுமா?

இதை ஒத்துக்கொள்ளாத ஆள் ஊரில் ஒரே ஒருத்தி. என் பெண்டாட்டி பேராச்சி. அவள் இந்த ஊர்க்காரி இல்லை, விளாத்திகுளம் பக்கம், கரிசல்காடு. கலியாணமாகி வந்த புதிதிலேயே கேட்டாள்.

"போன வருசம் வந்ததுதான் இந்த வருசமும் வருதுன்னு ஒமக்கு எப்படித் தெரியும்? பேரு எழுதி ஒட்டியிருக்கா?"

"மொகத்தப் பாத்தா தெரியாதா?"

"ஒமக்கு எம் மொகமே பாதி நாளு தெரிய மாட்டேங்கு."

அப்படி ஒரு வாய். பிறகு ஒருநாள் வானத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னாள், "பொறந்த வீட்டுக்கு வழி இதுகளுக்குத்தான் தெரியுதாக்கும். நல்ல கத."

அவள் பிறந்த வீட்டுக்குப் போய் நாற்பது வருஷம் ஆகிறது. அது வேறு விஷயம். அவள் தம்பி கலியாணப் பந்தியில் நான் சும்மா விளையாட்டுக்கு, மாப்பிள்ளைக்குத் தூக்கத்தில் நடக்கிற வியாதி உண்டு, ஒரு தடவை நடந்தே எட்டயபுரம் போய்விட்டான் என்று ஒரு கதை விட்டேன். பெண் வீட்டார் இலையை மடித்துவிட்டு எழுந்துவிட்டார்கள். கதை கேட்கத் தெரியாத ஜனங்கள். அதற்குப் போய் நாற்பது வருஷக் கோபமா? அது அவர்கள் தப்பு. விடுங்கள்.

பதினோரு வருஷத்துக்கு முன்னால் ஒரு பங்குனியில் ஆராய்ச்சிக்காரர்கள் வந்தார்கள். கொட்டகைக் குஞ்சுகளின் காலில் அலுமினிய வளையம் மாட்டினார்கள், நம்பர் போட்டது. எந்த ஊரில் எவர் பார்த்தாலும் இது செவ்வல்நேரிப் பிள்ளை என்று தெரிந்துவிடும். பேராச்சி கேட்டாளே, பேர் எழுதி ஒட்டியிருக்கிறதா என்று? இதோ ஒட்டுகிறார்கள்! ஆனால் பாருங்கள், வளையம் இருபது, குஞ்சு இருபத்தொன்று. மிச்சம் நின்றது ஒரு சோனிக் குஞ்சு. பிழைக்காது என்று எல்லோரும் கைவிட்டு, நான் கெண்டைக் குஞ்சை நசுக்கி வாயில் வைத்துப் பிழைக்கவைத்தது. ஊர்ப்பிள்ளை எல்லாம் வளையம் போட்டுக்கொண்டு நிற்க, என் பிள்ளை மட்டும் வெறுங்காலா?

வீட்டுக்கு வந்தேன். அந்த வாரம் பேராச்சி மடைப்படியில் இடித்துக்கொண்டு இடது கால் விரல் வீங்கிப்போய், மெட்டியைக் கழற்றி மஞ்சள் டப்பாவில் போட்டிருந்தாள். கலியாணத்தில் நான் போட்ட வெள்ளி மெட்டி. எடுத்தேன். குறடால் விரித்தேன். குஞ்சின் இடது காலில் மாட்டி, கால் அசைய இடம் விட்டு நெரித்துவிட்டேன். என்ன அழகு தெரியுமா! நாலாம் நாள் பறந்துவிட்டது.

அன்றைக்குச் சாயங்காலம் பேராச்சி டப்பாவைத் திறந்தாள். தம்பி, நான் வெள்ளத்தையும் பார்த்திருக்கிறேன், புயலையும் பார்த்திருக்கிறேன்.

"புருசன் உசுரோட இருக்கையில எம் மெட்டிய ஒரு நாரைக்குப் போட்டீரா? நாளைக்குத் தாலிய எதுக்குக் கட்டுவீரு, கூழைக்கடாவுக்கா?"

"அடுத்த வருசம் அதே நாரை வரும்ட்டி. அப்பம் நம்புவ."

"வரட்டும். வந்து எங் கைல தரட்டும். அது வரைக்கும் இந்தக் காலு இப்படியேதான் கெடக்கும். புதுசு வாங்கிட்டு வந்தீரு, மடைக்குள்ள எறிஞ்சிருவேன், பாத்துக்கிடும்."

சொன்னால் சொன்னதுதான், அந்தச் சாதி அவள். பதினோரு வருஷம் ஒற்றை மெட்டியோடு நடந்தாள். கலியாண வீடு, கோயில் கொடை, எல்லா இடத்துக்கும். பெண்டுகள் குசுகுசுவென்று பேசினார்கள். சட்டை செய்யவில்லை. அவள் செருப்புப் போடுகிறவள் இல்லை. சிமெண்டுத் தரையில் நடந்தால் வலது கால் டிக் என்னும், இடது கால் ஒன்றும் சொல்லாது. டிக், ஒன்றுமில்லை, டிக், ஒன்றுமில்லை. அடுப்படிக்குப் போகிறாளா, என்னோடு சண்டைக்கு வருகிறாளா என்பதை அந்தச் சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவேன்.

இந்தப் பதினோரு வருஷத்தில் அந்த நாரையை நான் ஏழு தடவை பார்த்தேன். சரி, மூன்று தடவை. சத்தியமாக ஒரு தடவை. நடுத்திட்டுக் கருவேலத்தில், தூரத்தில், காலில் ஒரு மினுக்கம். ஓடிப்போய்ச் சொன்னேன். ஊரே சிரித்தது. "கொலுசும் போட்டிருந்துச்சா வே?" என்று கேட்டார்கள். கூழைக்கடா சட்டி கழுவினதைக் கேட்டுத் தலையாட்டின ஆட்கள் தம்பி! ஆயிரம் பொய் சொன்னேன், ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. உள்ளதைச் சொன்ன ஒரே ஒரு விஷயத்தில் என்னைப் பொய்யன் என்றார்கள். இதைப் பொறுக்க முடியுமா? எனக்கு வேறு ஒன்றும் வேண்டாம். சாவதற்குள் பேராச்சி வாயால் ஒரே ஒரு வார்த்தை கேட்க வேண்டும். 'வந்துட்டு.' வந்துவிட்டது என்று. அவ்வளவுதான்.

இந்த வருஷம் மாசியில் வந்தது வில்லங்கம். குளம் பார்க்க வருகிறவர்களிடம் எல்லாம் மெட்டி நாரையைப் பற்றிச் சொல்வேன். கொஞ்சம் கூட்டித்தான் சொல்வேன். சில நாள் வெள்ளி மெட்டி தங்க மெட்டி ஆகிவிடும், கேட்கிற ஆளைப் பொறுத்தது. ஒரு டவுன்காரன் வந்தான், குச்சியில் போனை மாட்டிக்கொண்டு. அவனுக்குத் தங்கம் என்று சொல்லிவிட்டேன் போலிருக்கிறது. கல் வேறு வைத்தது என்று சொன்னதாக ஞாபகம். அவன் வேலியைத் தாண்டி, நெஞ்சளவுத் தண்ணீரில் நடுத்திட்டுக்கே போய்விட்டான். அத்தனை நாரையும் ஒரே மூச்சில் எழுந்தது. கூடுகள் ஆட்டம் கண்டு, இறக்கை முளைக்காத குஞ்செல்லாம் விழுந்தன. பருந்தும் காக்காயும் இறங்கிவிட்டன. பதினேழு குஞ்சு.

இங்கே வனவர் ஒரு அம்மா, ஜெபா மேடம் என்று பேர். என்னைக் கூப்பிட்டார். "தாத்தா, உங்க கதையால பதினேழு குஞ்சு போச்சு."

"கதையா தண்ணிக்குள்ள எறங்குச்சு? எறங்குனது அவன் காலும்மா."

"பேசாதீங்க. ஒரு கடுதாசி எழுதிக் குடுங்க, இனிமே வர்றவங்ககிட்ட இந்தப் பொய்யான கதையைச் சொல்ல மாட்டேன்னு. நாளைக்கே உள்ள வாங்க."

எழுதுவேனா? பலவேசம் எழுதுவானா? அந்தப் பதினேழையும் கூடையில் பொறுக்கினது நான்தான். அதைப் பற்றிப் பேச வேண்டாம். ஆனால் 'பொய்யான' என்று ஒரு வார்த்தை போட்டு, அதற்குக் கீழே நான் கையெழுத்துப் போட வேண்டுமா? தலை போனாலும் மாட்டேன். முகத்துக்கு நேரே மறுத்தால் அந்த அம்மாவுக்கு மரியாதையாக இருக்காது என்று, "கண்ணு மங்கிட்டும்மா, எழுத்து ஒண்ணும் தெரியல" என்றேன். அது ஊர் முழுக்கப் பரவிவிட்டது. பேராச்சியும் நம்பிவிட்டாள். நானும் அப்படியே விட்டுவிட்டேன். கண் தெரியாதவனை அரிசியில் கல் பொறுக்கச் சொல்ல மாட்டாள் பாருங்கள். உங்கள் பையில் இருக்கிற பேனா மூடியில் விரிசல் விட்டிருப்பது வரைக்கும் எனக்குத் தெரிகிறது. வெளியே சொல்லிவிடாதீர்கள்.

தாள் ஒட்டினார்கள். என் வேலையை யாருக்குக் கொடுத்தார்கள் தெரியுமா? பேராச்சிக்கு! நாற்பத்தைந்து வருஷமாக நாரையைத் திட்டினவளுக்கு! அவள் மீன் வாளியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போவாள், நான் இந்த பெஞ்சில் உட்கார்ந்திருப்பேன். பழகின இடத்துக்குள்ளே வராதே என்றால் ஒரு மனுஷனுக்கு எப்படி இருக்கும் என்று அவளிடம் கேட்டேன். "எனக்கு எப்படித் தெரியும்?" என்றாள். அவளுக்கு இதெல்லாம் புரியாது.

ஐந்து மணிக்கு வெளியே வருவாள். நான் கேட்பேன், "வந்துச்சாட்டி?"

நின்று நிதானமாகச் சொல்வாள். "வரல. வழி மறந்துட்டாம்." மறுநாள், "வரல. மெட்டிய வித்து டீ குடிச்சிட்டாம்." அதற்கு மறுநாள், "ஒமக்குக் கடுதாசி எழுதிச்சாம், கண்ணு தெரியாத ஆளுக்கு எதுக்குன்னு கிழிச்சிட்டாம்." நாளுக்கு ஒன்று, புதுசு புதுசாக. கேட்கச் சுகமாகத்தான் இருக்கும், என்ன இருந்தாலும்.

பங்குனி எட்டாம் தேதி அவள் ஐந்து மணிக்கு வரவில்லை. ஐந்தே முக்காலுக்கு வந்தாள். ஜெபா மேடமும் கேட் வரைக்கும் கூடவே வந்தார்.

"வந்துச்சாட்டி?"

"வரல."

அவ்வளவுதான். பின்னால் ஒன்றும் வரவில்லை. நான் காத்துக்கொண்டிருக்கிறேன், வழி மறந்ததா, டீ குடித்ததா என்று. ஒன்றும் இல்லை.

ஜெபா மேடம் சொன்னார், "கடுதாசி எல்லாம் வேண்டாம் தாத்தா. இந்த வருசம் வீட்ல ஓய்வா இருங்க. அடுத்த சீசனுக்கு வாங்க." மெதுவாகச் சொன்னார். தம்பி, அந்த அம்மா சாதாரணமாகப் பேசினாலே குளத்துக்கு அக்கரையில் கேட்கும். அவர் மெதுவாகப் பேசுகிறார் என்றால் என்னமோ நடந்திருக்கிறது.

பேராச்சி முன்னால் நடந்தாள். ஊருக்குள் போகிற சிமெண்டு ரோடு. நான் பின்னால் போனேன்.

டிக். டிக். டிக். டிக்.

நின்றுவிட்டேன்.

"ஏன் நிக்கீரு? பாத தெரியலையா?"

"செருப்புல முள்ளு" என்றேன்.

இடது காலும் பேசுகிறது! சேலையைத் தரையில் புரள இறக்கிக் கட்டியிருந்தாள். எனக்குக் கண் இல்லை என்று நினைத்தாளே ஒழிய, காது இருக்கிறது என்பதை மறந்துவிட்டாள்.

அவள் என்ன சொன்னாள், ஞாபகம் இருக்கிறதா? வந்து என் கையில் தரட்டும், அதுவரைக்கும் இந்தக் கால் இப்படியே கிடக்கும் என்றாள். சொன்னால் சொன்னதுதான். அப்படியென்றால் என்ன அர்த்தம்? வந்திருக்கிறது! பதினோரு வருஷம் எந்தெந்தக் குளத்தில் மேய்ந்ததோ, என் சோனிக் குஞ்சு தாய்வீட்டுக்குத் திரும்பி வந்திருக்கிறது! எனக்கு அந்த ரோட்டிலேயே குதிக்க வேண்டும் போல இருந்தது. கண் தெரியாதவன் குதிக்கக் கூடாது என்று அடக்கிக்கொண்டேன்.

மறுநாள் காலையில் வேலியோரமாகப் போனேன். உள்ளே போகத்தான் தடை. வேலிக்கு வெளியே நிற்பதை எந்த முத்திரையும் தடுக்க முடியாது. கொட்டகைக்குப் பின்னால் புது மண். ஒன்றரை முழம் இருக்கும். நாய் தோண்டாமல் இருக்க மேலே மூன்று செங்கல். செங்கல்மேல் மஞ்சள் தண்ணீர் தெளித்த கறை. வனத்துறைக்காரர்கள் மஞ்சள் தண்ணீர் தெளிக்க மாட்டார்கள்.

உயிரோடு இருக்கிற நாரையின் காலிலிருந்து அந்த மெட்டியை எவராலும் கழற்ற முடியாது தம்பி. நெரித்தவன் நான். எனக்குத் தெரியும்.

என்ன ஆயிற்று, நோயா, காலில் சுற்றின நைலான் நூலா, வயசா, நான் கேட்கவில்லை. கேட்க மாட்டேன்.

இப்போது என் கஷ்டத்தைப் பாருங்கள். நான் ஜெயித்துவிட்டேன். ஆனால் ஜெயித்தேன் என்று வாயைத் திறந்தால், அவள் அந்த மண்ணைப் பற்றியும் சொல்ல வேண்டி வரும். எனக்குத் தாங்காது என்று ஒளிக்கிறாளாம், அந்த அம்மாவும் இவளும் சேர்ந்துகொண்டு. எனக்கா தாங்காது? முன்னூறு குஞ்சைப் புதைத்த கை இது. என்ன திமிர் பாருங்கள் இவளுக்கு! தாங்காதது அவளுக்குத்தான். மஞ்சள் தண்ணீர் தெளித்தவள் யார், நானா?

சரி, மண் அவளோடு இருக்கட்டும். ஆனால் அந்த ஒரு வார்த்தையை விட மாட்டேன். தினமும் கேட்கிறேன். தினமும் 'வரல' என்கிறாள். இன்றைக்கு முப்பத்தைந்தாவது நாள். அவளும் விடவில்லை, நானும் விடவில்லை.

உங்களைப் பக்கத்தில் உட்கார வைத்தது அதற்காகத்தான் தம்பி. வெளியூர் ஆள், கழுத்தில் கேமரா, பஸ் ஏறிப் போய்விடுவீர்கள். எனக்காக ஒரு பொய். பயப்படாதீர்கள், அதையும் நானே சொல்லிக்கொள்வேன், நீங்கள் தலையை ஆட்டினால் போதும். ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். அவளிடம் முகத்தைப் பார்த்துப் பேசுங்கள். காலைப் பார்த்துவிடாதீர்கள்.

அதோ, கேட்கிறதா? டிக், டிக். வாளியைக் கழுவி வைத்துவிட்டு வருகிறாள்.

"யாரு, பேராச்சியா?"

"இல்ல, கலெக்டரு. இன்னும் இங்கனதான் இருக்கீரா? அந்தத் தம்பிட்ட என்னத்த அளந்துக்கிட்டு இருக்கீரு?"

"வந்துச்சாட்டி?"

"வரல."

"வரலையா? இந்தத் தம்பி படம் புடிச்சிருக்காராம். நடுத்திட்டுக் கருவேலத்துல ஒரு நாரையாம். காலுல வெள்ளியா மினுங்குச்சாம். நான் ஒண்ணும் சொல்லல, அவராத்தான் சொன்னாரு."

ஆட்டுங்கள் தம்பி. தலையை ஆட்டுங்கள். அப்படித்தான்.

என்னைப் பார்க்கிறாளா, உங்களைப் பார்க்கிறாளா? எனக்குத்தான் கண் தெரியாதே.

"நெசமாவா தம்பி? எந்தக் கால்ல?"

அப்படிக் கேட்கிறாளே! இடது என்று சொல்லுங்கள். இடது, இடது.

"எடது கால்லயா? எடது கால்லதான் போட்டு விட்டாரு இந்த மனுசன்."

"அப்பம்?"

"அப்பம் என்ன அப்பம்?"

"வந்துச்சா, வரலையா? வாயத் தொறந்து சொல்லுட்டி. சாட்சி உக்காந்திருக்கு."

"வந்துட்டு. போதுமா? பதினோரு வருசம் கழிச்சு அதே கொளத்துக்கு வந்துட்டு. நீரு சொன்னது நெசந்தான். ஆனா எங் கைல இன்னும் தரல, அதையும் தெரிஞ்சுக்கிடும். எந்திரியும், கஞ்சி ஆறுது."

"தரும்ட்டி. அடுத்த வருசம் தரும்."

"தரும் தரும். மெட்டியோட கொலுசும் சேத்துத் தரும். எந்திரியும்."

கேட்டீர்களா தம்பி? நீரு சொன்னது நெசந்தான் என்றாள். அதை நான் கேட்கக்கூட இல்லை, அவளாகத்தான் சொன்னாள். நீங்கள் சாட்சி. இனிமேல் அந்தத் தாளுக்கு முத்திரை மேல் முத்திரை குத்தட்டும்.

உங்கள் பஸ் வந்துவிட்டது, ஏறுங்கள். நான் இவள் தோளைப் பிடித்துக்கொண்டுதான் நடக்க வேண்டும், கண் தெரியாதவன். ஊரில் யாரிடமாவது இதைச் சொன்னால் வெள்ளி மெட்டி என்றே சொல்லுங்கள். தங்கம் என்று சொல்லிவிடாதீர்கள், எவனாவது தண்ணீரில் இறங்கித் தொலைப்பான்.

கடுதாசி மட்டும் எழுத மாட்டேன்.